நுனி சேர்க்காத மாலை

அவிழ்க்க வேண்டியது ஒரே ஒரு முடிச்சு. அதற்குப் போய் வசந்தாமணி இவ்வளவு நேரமாக நெளிந்துகொண்டிருந்தாள். அந்தச் சாய்வு நாற்காலியும் அவளுக்கு ஒத்துவரவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தால் முதுகுக்கு எட்டவில்லை, சாய்ந்தால் கால் இரண்டும் மேலே போய்ப் பிரசவ வார்டில் கிடக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. பிரசவ வார்டு என்று நினைத்ததும் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து நிற்கிறதே இந்த மனசு, கொஞ்சம் வேறு எதையாவது பார்த்தால் என்ன. பார்க்கவா இங்கே பஞ்சம். எதிரே கடல், ஒரு பட்டை ஊதா, ஒரு பட்டை பச்சை, நடுவில் பெயர் தெரியாத ஒரு நீலம். திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தொட்டிகளில் இத்தனை வருஷம் கலக்கிக் கலக்கிப் பார்த்தும் வராத நிறம் இங்கே சும்மா அடித்துக்கொண்டு கிடக்கிறது. தென்னைமரம் கூட நம் ஊரில் நிற்கிறதுபோல இல்லாமல் தலை வாரி விட்ட மாதிரி, ஒரு பட்ட மட்டை இல்லை, ஒரு காய் இல்லை. காய் விருந்தாளி தலையில் விழுந்துவிடும் என்று பிஞ்சிலேயே அறுத்து விடுகிறார்களாம், மாப்பிள்ளைதான் சொன்னார். பிஞ்சிலேயே. பார், மறுபடியும். பத்தடி தள்ளி, நாலு காலில் வெள்ளைத்துணிப் பந்தல் போட்ட மெத்தையில் கோகிலவாணி ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பெற்ற மகள், ஒரே மகள், முப்பத்திரண்டு வயசு. அவள் கழுத்தில் சம்பங்கி மாலை. அந்த மாலையின் இரண்டு நுனியையும் சேர்த்து நெஞ்சுக்குக் கீழே இறுக்கமாக ஒரு முடிச்சு. போட்டது வசந்தாமணியின் கைதான்.

காலையில் நடந்தது அது. சான் ஹோசேயில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, மாமனார் மாமியாருக்கு ஹவாயியைக் காட்ட வேண்டும் என்று மாப்பிள்ளை நவநீதன் பிடிவாதமாக டிக்கெட் எடுத்துவிட்டார். விடியக்காலம் கிளம்பி, ஏரோப்ளேனில் வந்து இறங்கி, கார் எடுத்து, வழி நெடுக எரிமலை கக்கி ஆறிப்போன கரும்பாறைக் காட்டைத் தாண்டி இந்த ரிசார்ட்டுக்கு வந்து சேர்ந்தால், வாசலில் இலைக்கிரீடம் வைத்த ஒரு ஆள் சங்கு எடுத்து ஊதினான். நல்ல நீளமாக, மூச்சுப் பிடித்து. வசந்தாமணிக்கு முகம் மாறிவிட்டது. எங்கள் ஊரில் சங்குச் சத்தம் கேட்டால் எந்த வீட்டில் என்றுதானே முதலில் கேட்போம். வீட்டுக்காரர் சென்னியப்பன் பக்கத்தில் நின்றவர், இது வரவேற்பு, மூஞ்சியை நல்லா வை என்று முணுமுணுத்தார். அப்புறம் மாலை. ஆளுக்கு ஒன்று. இந்தத் தீவில் வந்தவர் கழுத்தை வெறுமையாக விடமாட்டார்களாம், வேண்டாம் என்று சொல்வதும், போட்டவர் கண் முன்னால் கழற்றுவதும் அவமரியாதையாம். மோமி என்று ஒரு வயசான அம்மாள், எல்லாரும் அவளை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள், நல்ல வாட்டசாட்டம், பூப்போட்ட அங்கி, அவள்தான் ஒவ்வொருவராகப் போட்டுக்கொண்டு வந்தாள். கோகிலா முறை வந்தபோது கையிலிருந்த மாலையோடு நின்று என்னமோ மெதுவாகக் கேட்டாள், கோகிலாவும் மெதுவாக என்னமோ சொன்னாள், அந்த அம்மாள் முகமெல்லாம் மலர்ந்து, அதை வைத்துவிட்டு வேறு ஒன்றை எடுத்துவந்து போட்டாள். வசந்தாமணி கண்ணுக்கு முதலில் பட்டதே அதுதான். மற்ற மூன்று பேருக்கும் முழு வட்டமாக மாலை, மகளுக்கு மட்டும் இரண்டு நுனியும் சேராமல் துண்டு மாதிரித் தொங்குகிறது. வசந்தாமணி சத்தியமங்கலத்துப் பக்கம் சம்பங்கிக் காட்டில் பிறந்தவள். பூ விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. இவர்கள் ஊசியில் கோக்கிறார்கள், போகட்டும், கட்டத் தெரியாத ஊர், ஆனால் கோத்ததை முடிக்கக்கூடவா தெரியாது? ஐந்து நட்சத்திர ஓட்டல் என்று பெயர், என் புள்ளைக்கு அரைகுறை மாலையா? மோமி அந்தப் பக்கம் திரும்பியதும், இங்க வா கண்ணு என்று மகளை இழுத்து நிறுத்தி, இரண்டு நுனி நூலையும் சேர்த்து, இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழு இழுத்து முடிந்துவிட்டாள். முடிந்துவிட்டு, இப்பப் பாரு எப்படி இருக்குது என்று தள்ளி நின்று அழகு வேறு பார்த்தாள்.

அறை மூன்று மணிக்குத்தான் கிடைக்கும், அதுவரை கடற்கரையில் இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சாப்பிட்டார்கள். சாப்பிட்ட கையோடு கோகிலா மெத்தையில் சாய்ந்தாள், மாப்பிள்ளை அலைப்பலகையில் சறுக்கப் பழகப் போய்விட்டார், சென்னியப்பன் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார். வசந்தாமணிக்குச் சும்மா இருக்க வராது. பாத்ரூம் போய்விட்டு வரும் வழியில், பெரிய மரத்து நிழலில் மோமி பாய் விரித்து, கூடை கூடையாகப் பூ வைத்துக்கொண்டு வெள்ளைக்காரப் பெண்களுக்கு மாலை கோக்கச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தாள். பூவைப் பார்த்ததும் கை ஊறியது, உட்கார்ந்துவிட்டாள். நாலு பூ கோப்பதற்குள் மோமி அவள் விரலைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினாள். அதில் ஒரு பெருமை. பிறகு அந்த அம்மாள் நிறுத்தி நிறுத்தி, இவளுக்குப் புரிகிற இங்கிலீஷில், முதல் பேரப்பிள்ளையா என்று கேட்டாள். யாருக்கு என்று வசந்தாமணிக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. வந்ததை எப்படி விழுங்கினாள் என்று இப்போதும் தெரியவில்லை. ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். தெரிந்தவள் மாதிரி. பெற்ற தாய் தெரியாமலா இருப்பாள். மோமி சந்தோஷமாகப் பந்தல் மெத்தைப் பக்கம் பார்த்தாள், பார்த்தவள் கண்ணைச் சுருக்கி, அந்த மாலையை யார் கட்டியது என்று கேட்டாள். வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்கு நாங்கள் மாலையை மூடமாட்டோம், திறந்துதான் போடுவோம், மூடினால் தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்வார்கள் என்று சொல்லி, ஒரு விரலால் தன் கழுத்தைச் சுற்றிக் காட்டினாள். நானே வந்து அவிழ்த்துவிடட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம் வேண்டாம் என்று வசந்தாமணி எழுந்துவிட்டாள். மடியிலிருந்த பூவெல்லாம் கொட்டிவிட்டது, பொறுக்கக்கூட இல்லை.

அப்படியானால் மாசமாக இருக்கிறாள். இருக்கிறாளா. இருக்கிறாள். சந்தோஷம் என்று ஒன்று வரவேண்டுமே, வந்ததா? வந்தது, வராமல் என்ன, மரத்தடியிலிருந்து நாற்காலிக்கு வருகிற அந்தக் கொஞ்ச தூரத்தில் நெஞ்சு முட்ட வந்தது, ஆனால் அதை ஏறி மிதித்துக்கொண்டு அந்த விரல் வந்துவிட்டது, கழுத்தைச் சுற்றிக் காட்டிய விரல். இது அவர்கள் ஊர் நம்பிக்கை, நமக்கு எதற்கு? பண்ணாரி அம்மன் எல்லையைத் தாண்டி எவ்வளவு கடல் தாண்டி வந்திருக்கிறோம், இந்தத் தீவின் சாத்திரம் கொங்குநாட்டுக்காரியைக் கட்டுமா? கட்டாது. கட்டாதா? மலைக்குள் நெருப்பாக ஒருத்தி குடியிருக்கிறாள், அவள்தான் இந்தத் தீவுக்குச் சாமி என்று மாப்பிள்ளை காரில் சொல்லிக்கொண்டு வந்தாரே. அடுத்தவர் எல்லைக்குள் வந்துவிட்டு, எங்கள் சட்டம் வேறு என்றால் எந்தச் சாமி கேட்கும். அவர்கள் மண், அவர்கள் பூ, அவர்கள் நூல். கட்டினது மட்டும் என் கை. அந்த மாலையில் நம்முடையது என்று இருப்பது அந்த முடிச்சு ஒன்றுதான். சீச்சி, பி.காம். படித்தவள் நினைக்கிற நினைப்பா இது. படித்தால் என்ன, இரண்டு தடவை உண்டாகி இரண்டு தடவையும் தங்காமல் போன வயிறு அது, மூன்றாவது தடவைக்கு எந்த ஊர்ச் சாத்திரத்தையும் சும்மா தள்ளிவிட முடியுமா. ஆனால் இதெல்லாம்கூட அவளை இவ்வளவு அலைக்கழிக்கவில்லை. அலைக்கழித்தது வேறு. கட்டும்போது கோகிலா தடுக்கவில்லை. அந்த மோமி அவளுக்கு விவரம் சொல்லித்தான் போட்டிருப்பாள், திறந்த மாலை எதற்கு என்று அவளுக்குத் தெரியும். முடிச்சுப் போட அம்மா இழுத்தபோது அவள் கை ஒரு தரம் மேலே வந்தது, மாலையைப் பிடிக்க வருகிற மாதிரி நெஞ்சு வரைக்கும் வந்து, தோள்பையைச் சரி பண்ணுகிற மாதிரிக் கீழே போய்விட்டது. அப்போது வசந்தாமணி அதைக் கவனித்தாள், ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அந்தக் கை மட்டும் கண்ணுக்குள் ஏறி ஏறி இறங்குகிறது. அம்மாவிடம் சொல்வதை விட இந்த முடிச்சே தேவலை என்று அந்தக் கை முடிவு பண்ணியிருக்கிறது.

அவ்வளவு பெரிய பாவியா நான்? என்ன செய்துவிட்டேன்? சொன்னேன், அவ்வளவுதானே, சந்தோஷத்தைச் சொல்லாமல் எப்படி வைத்திருப்பது, மனசு என்ன பூட்டி வைக்கிற பீரோவா. கோகிலா முதல் தடவை உண்டானபோது வசந்தாமணி தங்கச்சி ருக்குமணியிடம் மட்டும்தான் சொன்னாள். கோபியில் இருக்கிற ருக்குமணி, தினம் போனில் பேசாவிட்டால் இருவருக்கும் சோறு இறங்காது. உன்னோட வெச்சுக்கோ என்று சொல்லித்தான் சொன்னாள். சாயங்காலத்துக்குள் அவிநாசி வரைக்கும் தெரிந்துவிட்டது. மூன்று மாசம் கூட ஆகவில்லை, போய்விட்டது. இரண்டாவது தடவை ருக்குமணியிடம்கூடச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள், சத்தியமாக. பண்ணாரிக்குப் போய் வேண்டிக்கொள்ள வேண்டியிருந்தது, முட்டிவலியில் இவளால் போக முடியவில்லை, ருக்குமணியைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது, எதற்கு என்று சொல்லாமல் எப்படி வேண்டிக்கொள்ளச் சொல்வது. அதுவும் நிற்கவில்லை. நிற்கவில்லை என்கிற சேதியை மட்டும் யாரும் யாருக்கும் சொல்லவில்லை, நல்ல சேதிக்கு இருக்கிற கால் கெட்ட சேதிக்கு இல்லை, உறவுக்காரர்கள் பாதிப் பேர் கோகிலா முழுகாமல் இருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் ருக்குமணி வீடியோ போட்டுக் கோகிலாவைக் காட்டினாள், பெரியநாத்தனார் கூட்டத்திலிருந்து எட்டிப் பார்த்து, ஏங்கண்ணு, வளைகாப்பு இங்க வந்து வெக்கறதா அங்கயேவா என்று கேட்டுவிட்டாள். கோகிலா சிரித்தாள். சிரித்த முகத்தோடு போனை வைத்தாள். இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். குரலில் ஒரு சூடு இல்லை, காய்கறி விலை சொல்கிற குரலில் சொன்னாள், இனிமே உங்கிட்ட எதையும் சொல்லப் போறதில்லைம்மா, கோவமெல்லாம் இல்லை, சொல்லப் போறதில்லை, அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் ஆறும் என்று இருந்திருக்கலாம். ஏதோ வேகத்தில் சொல்கிறாள் என்று வசந்தாமணி அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டு அந்தப் பேச்சையே மறந்தும் போனாள். மகள் மறக்கவில்லை.

மூன்று வாரமாக ஒரே வீட்டில் இருந்தும் கண் எங்கே போயிற்று? காலையில் பாத்ரூம் குழாயை அவ்வளவு நேரம் திறந்துவிட்டுக்கொண்டு என்ன செய்தாள்? டம்ளர் டம்ளராகக் காப்பி குடிக்கிறவள், நெஞ்செரிச்சல் என்று காப்பியை விட்டாள், சரி என்று விட்டாச்சு. காப்பி விளைகிற தீவுக்கே வந்து இன்றைக்கு மத்தியானம் எலுமிச்சைத் தண்ணி வேண்டும் என்றாள். அவள் உயிரையே விடுகிற பச்சை மீன் கிண்ணத்தை மாப்பிள்ளை பக்கம் ஓசையில்லாமல் தள்ளினாள். சேப்பங்கிழங்கை இடித்துக் கூழாக்கி ஊதா நிறத்தில் ஒன்று கொடுத்தார்கள், இந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் சோறாம், அதை மட்டும் விரலால் வழித்து வழித்துச் சாப்பிட்டாள். சேப்பங்கிழங்கைக் கண்டாலே ஓடுகிறவள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, இங்கேயும் சேப்பங்கிழங்குதானா என்று கேலி பேசிக்கொண்டு இருந்திருக்கிறேன். தாயாம் தாய். அப்புறம் ஏர்போர்ட்டில் அந்தப் பெட்டி. அது பூப்போல லேசான பெட்டி. கோகிலா குனிந்தபோது சென்னியப்பன் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் பெட்டியையே தூக்காத மனுசன். வசந்தாமணிக்குச் சுரீர் என்றது. பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். சொந்தக் கம்பெனி பனியனைப் போட்டுக்கொண்டு, ரிசார்ட்டில் கொடுத்த ஓலைத்தொப்பியை மூஞ்சியில் கவிழ்த்துக்கொண்டு, அவர் பாட்டுக்குக் கிடந்தார்.

“ஏனுங்க, கோகிலா என்னுங்க இப்படித் தூங்கறா?”

“காலையில நேரத்துல எந்திரிச்சதுதான்.”

“நாம எல்லாருந்தான எந்திரிச்சோம்.”

அவர் தொப்பியை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“நீயாக் கேக்காத வசந்தா. அவளாச் சொல்லட்டும்.”

சொல்லிவிட்டுத் தொப்பியை மறுபடி கவிழ்த்துக்கொண்டார்.

ஓகோ. அப்படி. மாப்பிள்ளைக்குத் தெரியும், அப்பனுக்குத் தெரியும், வாசலில் மாலை போடுகிற மோமிக்குத் தெரியும், வந்து இறங்கிய ஐந்தாவது நிமிஷம் தெரியும். பெற்றவள் ஒருத்திக்குத்தான் தெரியக் கூடாது. வசந்தாமணி எழுந்து தண்ணியைப் பார்த்து நடந்தாள். மணல் சுட்டது, செருப்பை நாற்காலிக்கடியில் விட்டுவிட்டாள், திரும்பிப் போகப் பிடிக்கவில்லை, சுடட்டும் என்று நடந்தாள். அலை வந்து காலை நனைத்ததும் ஒரு நிமிஷம் நிம்மதி, அப்புறம் காலுக்கடியில் மணல் அரிக்கிறது, கால் வைத்த இடம் கரைகிறது, பயந்து பின்னால் வந்தாள். இவர் எப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தார் இத்தனை நாள்? ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு, பேரப்பிள்ளை வரப்போகிறது என்று தெரிந்த மனுசன், குறட்டை விட்டாரே. எனக்கு ஏன் அது வரமாட்டேன் என்கிறது? எனக்கு ஒரு சேதி கிடைத்தால் அது அடுத்தவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் எனக்கே கிடைத்த மாதிரி இருக்கிறது, அது என்ன பிறவியோ. சரி, கோபம் இருக்கட்டும் ஒரு பக்கம். முடிச்சு? முடிச்சு அப்படியேதானே இருக்கிறது. தூங்குகிறவளை எழுப்பி அவிழ்த்துக்கோ என்றால், ஏன் என்பாள். மாலை வாடிப்போச்சு கழற்று என்றால், வாடவில்லையே, சம்பங்கி இரண்டு நாள் இருக்கும், அது அவளுக்கும் தெரியும். எறும்பு ஊருது என்று சொல்லலாம், இந்தச் சுத்தமான ஊரில் எறும்பு எங்கே. கத்தரிக்கோல் வாங்கி ஓசையில்லாமல் வெட்டிவிடலாமா? மாசமாக இருக்கிறவள் நெஞ்சுக்கு மேலே கத்தரிக்கோலா, அதற்கு முடிச்சே பரவாயில்லை. அப்படியே விட்டுவிட்டால்? அறைக்குப் போனதும் அவளே கழற்றிவிடுவாள். கழற்றுவாள்தான். மூன்று மணி வரைக்கும் அது இருக்குமே கழுத்தில். மூன்று மணிக்குள் என்ன ஆகிவிடும்? போன இரண்டு தடவையும் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, எதனால் என்று சொல்ல முடியாது, சில நேரம் இப்படித்தான் என்றுதானே டாக்டர்களே சொன்னார்கள். எதனால் என்று யாருக்கும் தெரியாத ஒன்றுக்கு எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். இந்த முடிச்சும்தான்.

அதற்குள் கால் அவளைப் பந்தலுக்குக் கொண்டுவந்து விட்டிருந்தது. அவள் ஒன்றும் முடிவு பண்ணவில்லை. மெத்தை ஓரத்தில், மகள் அசைந்துவிடாமல், அரைப் பங்கு மட்டும் உட்கார்ந்தாள். கோகிலா வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கினாள், சின்ன வயசில் தூங்குகிற அதே மாதிரி, மேல் உதட்டில் வேர்வை. கொஞ்சம் ஊதித்தான் இருக்கிறது முகம், இப்போது பார்த்தால் தெரிகிறது. மாலை ஒரு பக்கமாகச் சரிந்து, முடிச்சு மெத்தையில் கிடந்தது, நல்லவேளை, உடம்பில் கைபடாமல் எடுக்கலாம். எடுத்தாள். விரல் நகத்தால் நெருடினாள். அது நார் இல்லை, வழுவழு என்று மீன்வலை நூல் மாதிரி, கட்டும்போது நழுவுகிறதே என்று ஒன்றுக்கு இரண்டாகச் சுற்றி இழுத்தது இப்போது கல் மாதிரி இறுகிக் கிடந்தது. எவ்வளவு சாமர்த்தியம் உனக்கு வசந்தாமணி, ஊரே மெச்சுகிற முடிச்சு. நகம் இல்லை, ஊரிலிருந்து வரும்போது ஒட்ட வெட்டியாச்சு. நாலு தரம் நெருடினாள், ஐந்தாவது தரம் விரல் வழுக்கியது. கண்ணில் தண்ணி நின்று முடிச்சு இரண்டு மூன்றாகத் தெரிந்தது. சுற்றுமுற்றும் பார்க்கவில்லை, பக்கத்துப் பந்தலில் வெள்ளைக்காரத் தம்பதி பார்த்தால் பார்க்கட்டும், குனிந்து முடிச்சைப் பல்லில் கவ்வினாள். சம்பங்கி வாசனையும் மகளின் வேர்வை வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. உப்புக் கரித்தது. ஒரு சுற்று அசைந்த மாதிரி இருந்தது, நாக்கால் தள்ளி, மறுபடி கடித்து இழுத்தாள். பிரிந்தது. நுனி இரண்டும் தனித்தனியாக மெத்தையில் விழுந்தன. தலையை நிமிர்த்தினால், கோகிலா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாடிப்போச்சு, எறும்பு, வேர்வையில் நனைந்துவிட்டது, எல்லாப் பொய்யும் நாக்கு நுனி வரைக்கும் வந்து வரிசையில் நின்றன.

“தப்பாக் கட்டிட்டேன் சாமி,” என்றாள் வசந்தாமணி. “அதான் அவுத்துட்டேன்.”

கோகிலா மாலையின் ஒரு நுனியை எடுத்துப் பார்த்தாள். பல்பட்டு நசுங்கின பூ இரண்டு அதில் இருந்தன.

“யாரும்மா சொன்னாங்க?”

“நான் ஒண்ணும் கேக்கலை கண்ணு.”

அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் சொல்ல வேறு இல்லை. கேட்க மட்டும் எத்தனை இருந்தன. எத்தனை மாசம், டாக்டர் யார், ஸ்கேன் பார்த்தாச்சா, ஏரோப்ளேன் ஏறலாமா, என்ன தின்கிறாய், எதுக்கு வாந்தி வருகிறது, இந்தத் தடவை வலி இருக்கிறதா. பல் இடுக்கில் நூல் மாதிரி ஒவ்வொன்றும் உறுத்தியது. இதில் ஒன்றைக் கேட்டால் போதும், இவள் மறுபடியும் அந்தக் காய்கறி விலைக் குரலுக்குப் போய்விடுவாள், அப்புறம் அங்கிருந்து வரவே மாட்டாள். வசந்தாமணி உதட்டை மூடிக்கொண்டு, மகளின் பார்வையைத் தாங்க முடியாமல், மெத்தையில் கிடந்த பூவிதழை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். அப்போது பார்த்து அவள் கைப்பையில் போன் அடித்தது. ருக்குமணி. அங்கே விடிந்திருக்கும், பால் வாங்கி வைத்துவிட்டுக் கூப்பிடுகிறாள். எடுக்காமல் விட்டால் விடாமல் அடிப்பாள், எடுத்தாள். சின்னச் சதுரத்துக்குள் ருக்குமணி முகத்தில் எண்ணெய் வழிய நின்றாள். கடலைக் காட்டக்கா என்றாள், கடலைக் காட்டினாள். மாமா எங்கே என்றாள், தொப்பியைக் காட்டினாள். போன் திரும்புகிற திரும்பலில் மெத்தையும் உள்ளே வந்துவிட்டது.

“ஏனக்கா, கோகிலா பட்டப்பகல்ல படுத்திருக்கறா? முகம் ஒரு மாதிரியா இருக்குது. ஏதாச்சும் விசேஷமா?”

கோகிலா அசையவில்லை. மாலையின் நுனி அவள் விரலில் சுற்றியபடி நின்றது. அவள் போனைப் பார்க்கவில்லை, அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தாறு வருஷத்தில் ருக்குமணியிடம் வசந்தாமணி ஒரு பொய் சொன்னதில்லை. ஒரு புடவை விலையைக்கூடக் குறைத்துச் சொன்னதில்லை.

“ஒண்ணுமில்லை புள்ள. பிளேனு ஒத்துக்கலை, தலைவலின்னு படுத்திருக்கறா. நான் அப்பறமாக் கூப்பிடறேன்.”

வைத்துவிட்டாள். போனைப் பையில் போடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். தூரத்தில் மாப்பிள்ளை ஈரத்தோடு வந்து சென்னியப்பனை எழுப்பிக்கொண்டிருந்தார், அறை தயாராகிவிட்டது போல, இரண்டு பேரும் பெட்டி பையைத் தேட ஆரம்பித்தார்கள். இப்போதாவது சொல்வாள் என்று வசந்தாமணிக்குள் ஒன்று எட்டி எட்டிப் பார்த்தது. பிடித்து உட்கார வைத்தாள். சொல்லாவிட்டாலும் போகிறது. சொல்லாமலே இருக்கட்டும், தங்கினால் போதும்.

கோகிலா எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, அம்மா முழுசாக உட்காரும்படி இடம் விட்டாள்.

“பயமா இருக்குதும்மா,” என்றாள்.

எதற்கெடுத்தாலும் வசந்தாமணியிடம் ஒரு வழி இருக்கும், ஒரு கஷாயம், ஒரு கோயில், ஒரு கைராசிக்கார டாக்டர். இப்போது தேடிப் பார்த்தாள், ஒன்றுமே கைக்கு வரவில்லை.

“எனக்குந்தான் சாமி,” என்றாள்.

அங்கிருந்து மாப்பிள்ளை வாங்க வாங்க என்று கையை ஆட்டினார். இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.